கொடுமுடி தந்த குயில்: கே. பி. சுந்தராம்பாள்

எமது கல்லூரியில் படித்தவர்கள் எவரும் வாணி விழாவை மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் ஏதோ ஒரு வகுப்பு ஔவையார் நாடகம் போடும். வகுப்பில் நல்ல குரல் உள்ள பிள்ளையைத் தெரிந்தெடுத்து, யாரோ ஓர் ஆசிரியையின் வெள்ளைச் சேலையை உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசி, தலைமயிரில் மாவைத் தடவி, கையில் ஒரு தடியைக் கொடுத்து மேடையில் ஏற்றிவிடுவோம். அந்தப் பிள்ளை கொஞ்சம் குனிந்து நடந்து, குரலை உயர்த்திப் பாடத் தொடங்கியதும் மண்டபம் அமைதியாகிவிடும்.

ஔவையாரை நாங்கள் எவரும் கண்டதில்லை. நாங்கள் பார்த்துப் பழகியது கே. பி. சுந்தராம்பாளைத்தான். அவர் நடந்த நடையே ஔவையின் நடை, அவர் பாடிய குரலே ஔவையின் குரல் என்று நம்பியிருந்தோம். அந்த வெள்ளைச் சேலை நாடகத்துக்காக அவர் உடுத்தது அல்ல, தம் இருபத்தைந்தாவது வயது முதல் வீட்டிலும் வெளியிலும் அவர் உடுத்திய உடை அதுவே என்பதை நான் அறிந்தது கல்லூரியை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னராகும். அதை அறிந்த நாளிலிருந்து அந்த அம்மையாரின் வாழ்க்கையைப் பற்றி எம் சகோதரிகளுக்கு எழுத வேண்டும் என்ற ஆவல் இருந்தது. இந்நூற்றாண்டு மலர் அதற்கு வாய்ப்பளித்துள்ளது.

தமிழ்நாட்டில், காவேரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. தேவாரம் ஓதிப் பழகிய எமக்கு அது அந்நியமான பெயரன்று. சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயப் பதிகம் பாடிய திருப்பாண்டிக்கொடுமுடி அதுவே. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கே. பி. என்ற முதலெழுத்துகளில் முதலாவது ஊரையும் மற்றையது தாயையும் குறிக்கும். எங்களில் அநேகமாக எல்லோருக்கும் பெயரின் முன்னே நிற்பது தகப்பனின் எழுத்து. அவருக்கோ கடைசிவரை தாயின் எழுத்தே நின்றது. பிள்ளைகளை வளர்த்தெடுத்த பாரம் முழுவதும் அத்தாயின் தலையிலேயே விழுந்திருந்தது.

வறுமை கொடியது. சிறுமி சுந்தராம்பாள் புகையிரதத்தில் பாடிக் காசு சேர்த்தாள் என்பது அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி. ஓடும் வண்டியின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்ட அந்தக் குரல் நாடகக்காரரின் காதில் விழுந்தது. அக்காலத்தில் நாடகக் குழுக்கள் பாடத் தெரிந்த ஏழைப் பிள்ளைகளைத் தேடித் திரிந்தன. இப்படித்தான் அவர் மேடைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் ஏற்ற வேடங்களில் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் வரும் ஆண்பிள்ளையின் வேடம். பஞ்சத்தில் வாடி, பிறந்த வீட்டிலும் ஆதரவு கிடைக்காமல், பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் மாளும் தாயின் கதை அது. எங்கள் ஆச்சிமாரும் அக்கதையைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். பசியை உண்மையாக அறிந்த ஒரு பிள்ளை, பசித்த பிள்ளையாக மேடையில் நின்று பாடினால் கேட்டவர்களின் மனம் எப்படி உருகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நாளைய நாடகம் இன்று நாம் காணும் நாடகம் போன்றது அல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்களை இரவு தொடங்கி விடியும் வரை ஆடுவார்கள். எமது யாழ்ப்பாணத்திலும் அது இசை நாடகமாக வேரூன்றியது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசையில் நிலத்தில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே சுருதி மிக உயரத்தில் இருக்கும். நடிகர்கள் ஒருவரோடொருவர் ஒத்திகை பாராமலே மேடையில் சந்திப்பார்கள். வள்ளியும் வேடனும் வாதாடும் கட்டத்தில் பாட்டுக்குப் பாட்டு, பதிலுக்குப் பதில் என்று உடனுக்குடன் தொடுப்பார்கள். ஒருவர் சறுக்கினால் சபையே சிரிக்கும். இந்தக் களத்தில் சுந்தராம்பாள் பெண் வேடமும் ஏற்றார், ராஜபார்ட் எனப்படும் ஆண் வேடமும் ஏற்றார். இரண்டிலும் பெயர் பெற்றார்.

அவருடைய புகழ் வளர்ந்ததில் எமது நாட்டுக்கும் பங்கு உண்டு. இளம் வயதிலேயே கடல் கடந்து வந்து இலங்கை மேடைகளில் நடித்தவர் அவர். கொழும்பிலே அவருடைய பாட்டுக்குப் பெருங்கூட்டம் சேர்ந்தது. 1926ஆம் ஆண்டளவில் அதே கொழும்புக்கு எஸ். ஜி. கிட்டப்பா வந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த கிட்டப்பா 1906இல் பிறந்தவர். சிறு பிள்ளையாகவே மேடையேறித் தமிழகத்தை மயக்கியவர். அவருடைய குரலுக்கு ஈடுகொடுத்துப் பாட ஒரு பெண்ணால் முடியுமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. இருவரும் ஒரே மேடையில் வள்ளி திருமணம் நடித்தனர். அவர் முருகன், இவர் வள்ளி. சபையோருக்கு அது நாடகமாகவும் இருந்தது, போட்டிக் கச்சேரியாகவும் இருந்தது. ஐயம் அன்றோடு தீர்ந்தது.

மேடையில் தொடங்கிய உறவு வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927இல் இருவரும் மாயவரத்தில் மணம் செய்துகொண்டனர். அதே ஆண்டு நவம்பரில்தான் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்து எங்கள் பகுதிப் பெண் பிள்ளைகளின் கல்லூரிகளிலும் பேசிச் சென்றார். இந்தக் காலப் பொருத்தத்தை இங்கு சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்கள் படிக்கலாம், வெளியே வரலாம் என்று எமது குடாநாட்டில் பேசப்பட்ட அதே நாட்களில், மேடையில் நின்று உழைத்துத் தன் குடும்பத்தைக் காத்த ஒரு பெண்ணை மதிப்புள்ள பெண்ணாக ஏற்பதற்குச் சமூகம் ஆயத்தமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டிலும் அப்படி, எம்மிடத்திலும் அப்படி. எமது ஊர்களில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. குடாநாட்டுப் பெண்கள் கல்லூரிகளில் ஆங்கில நாடகம் நடந்தால் அது கௌரவமான காரியம். சேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகனில் மகளை போர்ஷியாவாகக் காணப் பெற்றோர் முன்வரிசையில் வந்திருந்தார்கள். ஆனால் இங்கிலாந்திலும் 1660க்குப் பிறகே பெண்கள் தொழிலாக மேடையேறினார்கள், அங்கும் நடிகையின் பெயர் நெடுங்காலம் மலிவாகவே இருந்தது என்பதை எமக்கு யாரும் சொல்லவில்லை. போர்ஷியாவாக நடித்துப் பெரும்புகழ் கொண்ட எலன் டெரி அம்மையாருக்கு அந்நாட்டு அரசு ‘டேம்’ பட்டம் கொடுத்தது 1925இலேயே. அப்போது அவருக்கு வயது 77. கொடுமுடியில் பிறந்த பெண்ணுக்கு இன்னும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது.

மணவாழ்வு இன்பமாக நீடிக்கவில்லை. கிட்டப்பாவுக்கு முன்னரே மணமான மனைவி ஒருவர் இருந்தார். சாதியிலும் இருவரும் வேறு வேறு. கிட்டப்பாவின் குடிப்பழக்கமும், இடையில் நின்றவர்களின் சொல்லும், தொழிலில் எழுந்த பிணக்குகளும் அவர்களைப் பிரித்தன. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. பிரிந்திருந்த காலத்தில் அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வெளிவந்துள்ளன. அவற்றைப் படித்தவர்கள், ஊரெல்லாம் கைதட்டிய ஒரு பெண் தனியே இருந்து எவ்வளவு அழுதிருக்கிறாள் என்பதை அறிவார்கள். கோபமும் கெஞ்சலும் தன்மானமும் அவற்றில் கலந்து கிடக்கின்றன.

1933ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் திகதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்றோடு அவர் வெள்ளை உடுத்தார். நகைகளைக் கழற்றினார். நெற்றியில் விபூதியும் கழுத்தில் உருத்திராக்கமும் போதும் என்றார். இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். இதைப் படிக்கும் இளைய சகோதரி ஒருத்தி, அவர் பழைய கட்டுப்பாட்டுக்குத்தானே பணிந்தார் என்று கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கிட்டப்பாவின் மனைவி என்பதையே ஒப்புக்கொள்ளாத பலர் அன்று இருந்தனர். யார் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் நான் அவருடைய மனைவி என்பதை, ஒரு வார்த்தையும் பேசாமல், அந்தச் சேலையால் அவர் சொல்லிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் அவரைப் பிறரிலிருந்து வேறாக்குகிறது. வெள்ளை உடுத்த பெண் வீட்டின் உள்ளறையில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். சில காலம் அவரும் ஒதுங்கியே இருந்தார். பின்னர், சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்களின் ஊக்கமும் சேர, மேடைக்குத் திரும்பினார். திரும்பி வந்து ஏற்ற பாத்திரம் நந்தனார். ஆண் வேடம் என்பதால் சோடி என்ற பேச்சே இல்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, தில்லைக்குப் போக ஏங்கி நின்ற அந்த அடியாரை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு பெண் நடித்தாள்.

அதைக் கண்டு படமெடுக்க வந்தவர்களை அவர் இலேசில் ஏற்கவில்லை. அவர்களை அனுப்பிவிடும் எண்ணத்தில் ஓர் இலட்சம் ரூபா கேட்டாராம். அக்காலத்தில் ஒரு முழுப் படத்தையே அதைவிடக் குறைந்த செலவில் எடுத்துவிடலாம். அவர்களோ அதற்கும் சம்மதித்தார்கள். 1935இல் பக்த நந்தனார் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. ஆயினும் ஒரு நடிகைக்கு ஓர் இலட்சம் ரூபா என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. புகையிரதத்தில் பாடிய சிறுமி அவ்விடத்துக்கு வந்திருந்தாள்.

காங்கிரஸ் மேடைகளில் அவர் பாடப் போனால், பேச்சாளரைக் கேட்க வராத கூட்டமும் அவர் பாட்டைக் கேட்க வந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய குரல் சென்னை மாகாணமெங்கும் ஒலித்தது. 1950களின் தொடக்கத்தில் அவர் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினரானார். நாடகத்திலும் திரையிலும் இருந்து இந்தியச் சட்டசபை ஒன்றுக்குச் சென்ற முதல்வர் அவரே என்பர். பிற்காலத்தில் எத்தனையோ நடிகர்கள் அவ்வழியே சென்றனர். முதலில் சென்றவர் ஒரு விதவைப் பெண் என்பதை நினைவில் வைத்தல் நன்று.

1940இல் அவர் மணிமேகலையாக நடித்தார். மணிமேகலை வந்திறங்கிய மணிபல்லவம் எமது நயினாதீவே என்று நம்மவர் பலர் கருதுவதால், அந்தப் பாத்திரம் எமக்கு நெருக்கமானது. 1953இல் ஜெமினி வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் வெளிவந்தது. அதில் ஔவையின் இளம்பருவத்தைக் குசலகுமாரி நடித்தார். மணம் பேச வந்தவர்களிடமிருந்து தப்ப, தன் இளமையை எடுத்துக்கொள்ளுமாறு பிள்ளையாரிடம் அந்தப் பெண் வேண்டுகிறாள். முதுமை வந்து சேர்கிறது. அந்த இடத்தில் சுந்தராம்பாள் திரையில் தோன்றுகிறார். அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கு தான்.

அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். நந்தனார், மணிமேகலை, ஔவையார். 1964இல் பூம்புகாரில் சமணத் துறவி கவுந்தியடிகள். 1965இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவை. 1973இல், அழகைத் துறந்து பேய் வடிவம் கேட்ட காரைக்கால் அம்மையார். எல்லோரும் இல்லறத்துக்கு வெளியே நின்றவர்கள். அவர்களில் ஒருவரையும் தமிழுலகம் இரங்கத்தக்கவராக எண்ணியதில்லை, எல்லோரையும் கைகூப்பி வணங்கியது. சமூகம் ஓர் இளம் விதவைக்கு ஒதுக்கி வைத்த வெள்ளை உடையையும், நகையில்லாக் கழுத்தையும், தனிமையையும் அவர் மறைக்கவில்லை. அவற்றோடேயே அவைக்கு நடுவில் வந்து நின்றார். அபசகுனம் என்று சொல்லப்பட்ட அந்த உருவத்தைக் கண்டதும் எழுந்து நிற்க மக்களைப் பழக்கினார்.

திருவிளையாடலில், மாம்பழம் கிடைக்காத கோபத்தில் மலையேறி நிற்கும் முருகனை ஔவை தேற்றும் காட்சியைப் பலரும் அறிவர். ஒரு காலத்தில் கொழும்பு மேடையில் முருகனுக்கு வள்ளியாக நின்று வாதாடியவர், அதே முருகனுக்குப் பாட்டியாக நின்று புத்தி சொன்னார். அப்பாடல்களை இலங்கை வானொலி வீடு வீடாகக் கொண்டுவந்தது. எமது கோயில் திருவிழாக்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கி பூட்டியதும் ஊரை எழுப்பியது அவருடைய குரல். அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மம்மா, வேலையை விட்டுவிட்டுப் படலையடிக்கு வந்து நின்று கேட்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அம்மம்மாவும் முப்பது வயதிலேயே வெள்ளை உடுத்தவர்.

1966இல் சென்னைத் தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. 1969இல் வெளிவந்த துணைவன் படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. பிறந்த ஊரான கொடுமுடியில் தம் பெயரில் ஒரு திரையரங்கையும் அவர் அமைத்தார். 1980ஆம் ஆண்டு தம் எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் காலமானார். கணவர் இறந்து ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் தனித்து வாழ்ந்திருந்தார்.

இந்த வாழ்க்கையை எமது கல்லூரி மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் பலர் போர்க்காலத்தில் கணவரை இழந்தவர்கள். சிலர் இழந்தோமா இல்லையா என்றே தெரியாமல் இன்னும் காத்திருப்பவர்கள். பிள்ளைகளைத் தனியே வளர்த்துப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர்கள் அவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்கு என் வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். முதல்நாள் முழுவதும் சமையலறையில் நின்று பலகாரம் சுட்டவள் அவள். ஆராத்தி எடுக்கும் நேரம் வந்ததும் எவரும் சொல்லாமலே பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். நானும் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவளை முன்னால் அழைக்க எனக்கு அன்று வாய் வரவில்லை. அது இன்றுவரை என் மனதில் கிடக்கிறது.

அன்று அந்த மண்டபத்துக்கு வெள்ளைச் சேலையோடு கே. பி. சுந்தராம்பாள் வந்திருந்தால் அவரைப் பின்னால் நிற்கச் சொல்லியிருப்போமா? கதிரை போட்டு முன்வரிசையில் இருத்தி, ஒரு பாட்டுப் பாடுங்கள் அம்மா என்று கேட்டிருப்போம். அவருக்குக் கொடுக்கத் தெரிந்த இடத்தை எங்கள் சொந்தச் சகோதரிக்குக் கொடுக்க எமக்குத் தெரியவில்லை.

எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் மங்கள விளக்கேற்ற ஐவரை அழைப்பதாகச் செயற்குழுவில் பேசியபோது, அவர்களில் ஒருவராக அத்தோழியின் பெயரை நான் முன்மொழிந்தேன். எவரும் மறுத்துப் பேசவில்லை. அவளும் முதலில் தயங்கிப் பின்னர் சம்மதித்துள்ளாள். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது அவள் அந்தத் திரியை ஏற்றியிருப்பாள்.